இரண்டு இஞ்ச் போதும்

மாருதி ஜிப்ஸிக்குக் கீழே குனிந்து பார்த்தால் முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் சின்னப் பூசணிக்காய் பருமனில் ஓர் இரும்பு உருண்டை தெரியும். மெக்கானிக்குகள் அதைக் கிரவுன் என்பார்கள். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியை இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. வண்டியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது அதுதான். ஜிப்ஸிக்குச் சொல்லப்படும் 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் அதன் அடிவயிற்றிலிருந்துதான் கணக்கு. பாறைப் பாதையில் முதலில் இடிபடுவதும் அதுவே. லிஃப்ட் கிட் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் இதைக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன். எந்தக் கம்பெனியின் கிட்டை என்ன விலைக்கு வாங்கிப் போட்டாலும் இந்த உருண்டை ஒரு நூல்கூட உயராது.

கிரவுன் ஆக்சிலோடு சேர்ந்தது, ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது. சக்கரத்தின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஆக்சிலும் அவ்வளவே உயரம். லிஃப்ட் கிட் தூக்குவது ஆக்சிலுக்கு மேலே இருக்கும் சேஸையும் பாடியையும்தான். கிரவுன் உயர வேண்டுமென்றால் பெரிய டயர் போடுவது ஒன்றே வழி.

பிறகு லிஃப்ட் எதற்கு? வண்டியின் வயிற்றுப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், சைலன்சர், பெட்ரோல் டேங்க் ஆகியவை மேட்டில் தட்டாமல் இருக்க அது உதவும். கொஞ்சம் பெரிய டயர் போட்டால் மட்கார்டில் உரசாமல் திரும்ப இடம் கிடைக்கும். இவை இரண்டையும்விட முக்கியமானது, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது அந்தரத்தில் நிற்காமல் மண்ணைத் தொட்டுக்கொண்டே இருப்பது. சாதாரணக் கிரவுன் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றுவிட்டால் அது வெறுமனே சுற்றும். மண்ணில் இருக்கும் மறு சக்கரம் அசையாது. நான்கு சக்கர இழுவை இருந்தும் வண்டி நிற்பது இப்படித்தான். சக்கரம் மேலும் கீழும் போய்வரும் அந்தத் தூரத்தைப் பட்டறைக்காரர்கள் ‘ஓட்டம்’ என்கிறார்கள். லிஃப்டுக்குச் செலவழிக்கும் பணம் அந்த ஓட்டத்துக்குப் போக வேண்டும், உயரத்துக்கு அல்ல. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்.

எங்கள் காபித் தோட்டம் தாண்டிக்குடி மலையில் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாக ஏறி வரும் தார்ச்சாலையில் எந்தக் காரும் வரும். சாலையை விட்டு இறங்கித் தோட்டத்து வீடு வரை போவது எங்கள் சொந்தப் பாதை, கல்லும் செம்மண்ணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் பாதையோடே ஓடி ஒரு பக்கம் பள்ளம் பறித்துவிடும். மறுபக்கம் உருண்டு வந்த கல் உட்கார்ந்திருக்கும். மிளகு மூட்டை, உரம், பழம் பறிக்க வரும் பெண்கள், காய்ச்சலில் துவண்ட பிள்ளைகள் என்று இந்தப் பாதையில் எல்லாவற்றையும் சுமப்பது அப்பா வாங்கிய 2004-ஆம் வருட ஜிப்ஸி கிங். சாகசத்துக்காக வண்டியை உயர்த்தும் இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது அன்றாடப் பிழைப்பின் தேவை.

மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. சுசூகியின் எஸ்.ஜே.410 என்ற சின்ன ஜீப்தான் அது; 970 சி.சி. இன்ஜின். 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்ஸி கிங் வந்தது. 2000-ல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது சக்தி 80 குதிரைத்திறனுக்கு ஏறியது. ராணுவமும் போலீசும் வனத்துறையும் பல்லாண்டு ஓட்டிய வண்டி. இன்று ஷோரூமில் கிடையாது. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கிறது, உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. குறைந்த செலவில் லிஃப்ட் செய்ய இதைவிடத் தோதான வண்டி நம் ஊரில் இல்லை என்பேன். காரணம், நான்கு சக்கரத்திலும் லாரியில் இருப்பதைப் போலவே பட்டை ஸ்பிரிங். லாரி நிற்கும் ஊரில் எல்லாம் பட்டை அடிக்கும் பட்டறை ஒன்று இருக்கும்.

வண்டியை உயர்த்த நினைக்கிறவர் கிட் தேடுவதற்கு முன் ஒரு டேப்பை எடுக்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து அளப்பதால் டயர் சின்னதா பெரியதா, காற்று கூடவா குறையவா என்பதெல்லாம் கணக்கில் வராது. ஸ்பிரிங்கின் நிலை மட்டும் தெரியும். பிறகு அதே மாடலில் பட்டை புதிதாக இருக்கும் வண்டி ஒன்றை இதே மாதிரி அளந்து ஒப்பிடுங்கள். என் வண்டி நான்கு சக்கரத்திலும் ஏறக்குறைய ஒரு இஞ்ச் தாழ்ந்திருந்தது. வலது பின்பக்கம் இன்னும் நான்கு நூல் குறைவு. ஓட்டுகிறவர் எப்போதும் வலப்பக்கம். போதாததற்குத் தோட்டத்தில் மூட்டையை ஏற்றுகிறவர்களும் கைக்கு எட்டிய அந்தப் பக்கமே அடுக்கிவிடுகிறார்கள். இருபது வருடப் பாரம் பட்டையின் வளைவைத் தட்டையாக்கிவிட்டது.

ஆகவே பழைய வண்டிக்காரர்கள் கேட்கும் இரண்டு இஞ்சில் ஒரு இஞ்ச் அந்த வண்டி இழந்தது. அதைத் திரும்ப வாங்குவது ரிப்பேர் வேலை. அதற்கு மேல் இன்னும் ஒரு இஞ்ச், அவ்வளவுதான் லிஃப்ட். இப்படிப் பார்த்தால் செலவும் சின்னதாகிறது, ஆபத்தும் சின்னதாகிறது.

வத்தலக்குண்டில் லாரிப் பட்டை அடிக்கும் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனேன். பட்டறை பாய் நான் இறங்குவதற்குள் வண்டியைச் சுற்றி வந்துவிட்டார்.

“ஒசரம் வேணுமாம்மா, ஓட்டம் வேணுமா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

“ஓட்டந்தான் பாய். மலைப் பாத. புள்ளைங்க ஏறுற வண்டி.”

“அப்ப ரெண்டு இஞ்சுக்கு மேல கேக்காதீங்க.”

அவர் வேலை செய்யும் விதத்தை அருகில் நின்று பார்த்தேன். சேஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, யூ போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைக் கட்டைத் தரையில் இறக்கினார்கள். கட்டின் நடுவே எல்லாப் பட்டைகளையும் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டை வைஸில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டியதும் பட்டைகள் ஒன்றை ஒன்று விட்டு மேலெழும்பின. இடையிலிருந்து செம்பழுப்புத் துருத்தூள் கொட்டியது. ஒவ்வொரு பட்டையின் நுனியும் தனக்கு மேலே இருந்த பட்டையில் நகத்தடம் மாதிரி ஒரு பள்ளம் தேய்த்திருந்தது. பாய் அந்தப் பள்ளங்களில் விரலை வைத்துத் தடவியே எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று பிரித்தார். இரண்டு முனையிலும் கண் சுருட்டிய மெயின் பட்டையும் அதற்கு அடுத்ததும் புதிது போட வேண்டும் என்றார். மற்றவை தேறின.

சிமென்ட் தரையில் சாக்பீஸால் பழைய மெயின் பட்டையின் வளைவை வரைந்தார். முனைகள் இரண்டையும் அதே இடத்தில் வைத்து, நடுவில் மட்டும் இரண்டு இஞ்ச் கூட்டி இன்னொரு வளைவு வரைந்தார். அதற்குப் பிறகு எல்லாம் அந்தக் கோட்டோடுதான். நடுவில் பள்ளம் வெட்டிய பட்டடையின் மேல் பட்டையை உள்வளைவு மேலே தெரிய வைத்து, மையத்திலிருந்து நுனியை நோக்கி ஒரு விரல் இடைவெளிக்கு ஓர் அடி. நாலு அடி அடித்ததும் கோட்டில் வைத்துப் பார்ப்பது, திரும்ப அடிப்பது. அவசரமே இல்லை. சம்மட்டி பிடித்த பையன் ஒரே இடத்தில் இரண்டு முறை அடித்தபோது பாய் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்தினார். ஒரே இடத்தில் அடி விழுந்தால் வளைவு அங்கே முறிந்து நிற்கும். பாரம் ஏறும்போது பட்டை அந்த இடத்தில்தான் ஒடியும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். கேஸ் வெல்டிங் ஜுவாலையில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி நொடியில் வளைத்துத் தருகிற பட்டறைகளும் உண்டு. ஸ்பிரிங் உருக்கைத் தொழிற்சாலையில் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் ஏற்றியிருக்கிறார்கள். ஜுவாலை பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வளைத்த அன்று உயரமாக நிற்கும் வண்டி சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். இல்லையென்றால் காட்டுக்குள் பட்டை ஒடியும். சூடு காட்டாமல் அடித்துத் தருவீர்களா என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

பட்டை விஷயத்தில் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் இன்னொரு வேலை, லாரியில் கழித்த கனமான பட்டை ஒன்றை நடுவில் செருகுவது. வண்டி உடனே உயரும், காசும் அதிகம் ஆகாது. ஆனால் பட்டையின் விறைப்பு அதன் கனத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, மும்மடியாக ஏறும். கனம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 33 சதவீதம் கூடும். கனம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஜிப்ஸி ஏற்கெனவே முதுகைப் பதம் பார்க்கும் வண்டி. பின்னால் குறுக்கே உட்கார்ந்து வருகிறவர்களைக் கேட்டால் தெரியும். அதில் இப்படி ஒரு பட்டையைச் செருகினால் சக்கரம் பள்ளத்தில் இறங்கவே இறங்காது. உயரம் கிடைத்து ஓட்டம் போய்விடும். வளைவு கூட்டிய மெல்லிய பட்டைகள் பல சேர்ந்ததே நல்ல கட்டு. பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டினால் உரசலும் குறையும்.

இதைவிடச் சல்லிசான வழி ஷேக்கிளை மாற்றுவது. பட்டையின் ஒரு முனை சேஸில் நேராகப் பூட்டியிருக்கும். மறுமுனை ஷேக்கிள் என்ற இரண்டு இரும்புத் தகட்டில் ஊஞ்சலாடும். அந்தத் தகட்டை நீளமாக்கினால் வண்டி உயரும், ஆனால் கூட்டிய நீளத்தில் பாதிதான் கிடைக்கும். இரண்டு இஞ்ச் நீட்டினால் ஒரு இஞ்ச். அதோடு ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் வண்டியின் மூக்குப் பக்கம் இருப்பதால், அது நீண்டால் முன் ஆக்சில் முன்னோக்கிக் கவிழும். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சின் மேல்நுனி சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். காஸ்டர் என்ற அந்தச் சாய்வுதான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது. அது குறைந்தால் வண்டி சாலையில் அலையும். கொண்டை ஊசி வளைவு முடிந்தும் ஸ்டியரிங் திரும்பி வராமல் கையில் கிடக்கும். மலைச் சாலையில் இந்தக் குறையோடு ஓட்டக் கூடாது. இதற்கு மருந்து மலிவானது: ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் ஓர் இரும்பு ஆப்பு. இரண்டு, மூன்று டிகிரிச் சாய்வில் கடைந்து தருவார்கள். அதற்காக அளவுக்கு மேல் சாய்த்தால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்ற மூட்டு அதிகமாக மடங்கிச் சீக்கிரம் தேயும். இரண்டையும் பார்த்துத்தான் ஆப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட்டில் காஸ்டர் எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் கேட்பது வேறு. ஜிப்ஸியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றி ஆக்சிலுக்கு மேலே கட்டினால் ஒரேயடியாக ஐந்து இஞ்ச் உயரும். பட்டையும் பழையதே, கிட்டும் வேண்டாம், வெல்டிங் செலவு மட்டும் என்பார்கள். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். ஏன் என்பதற்கு ஜிப்ஸியின் கூடப்பிறந்த வண்டியின் கதையே போதும். அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்ற சுசூகி ஜீப்பை, எளிதில் கவிழக்கூடியது என்று 1988-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று தீர்ப்பெழுதியது. சோதனை முறையே நியாயமற்றது என்று சுசூகி 1996-ல் வழக்குப் போட்டது. 2004-ல்தான் இரு தரப்பும் சமரசமாயின. யார் சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. தொழிற்சாலை உயரத்திலேயே இவ்வளவு வாதம் நடந்த குடும்பத்து வண்டியை இன்னும் ஐந்து இஞ்ச் தூக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கணக்காகவும் பார்க்கலாம். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, வண்டியின் ஈர்ப்பு மைய உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். வண்டி கவிழும் அபாயத்தை மதிப்பிட அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பயன்படுத்தும் எண் இது. சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை இருக்கும், எஸ்.யூ.வி.களுக்கு 1.0 முதல் 1.3 வரை. ஜிப்ஸியின் சக்கர அகலம் சுமார் 1,300 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையம் 650 மில்லிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால் விடை 1.0. இரண்டு இஞ்ச் தூக்கினால் 0.93. ஐந்து இஞ்ச் தூக்கினால் 0.84. மேல் கேரியரில் ஒரு மூட்டை ஏற்றினால் இன்னும் கீழே. இரண்டு இஞ்ச் தூக்கினாலே வளைவில் பழைய வேகம் கூடாது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. லிஃப்ட் செய்த வண்டியை வேறு யாரிடமாவது ஓட்டக் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பட்டை வேலை முடிந்தால் லிஃப்ட் முடிந்தது என்று நினைப்பதுதான் மலிவு லிஃப்டுகளை ஆபத்தாக்குகிறது. சேஸ் மேலே போனதும் ஆக்சிலையும் சேஸையும் இணைக்கும் ஒவ்வொன்றும் இழுபடும். பிரேக் ஹோஸ் அதில் முதலாவது. சேஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தரையை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். அந்த நிலையிலும் ஹோஸ் தொய்வாக இருக்க வேண்டும். விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் போட வேண்டும், அல்லது அது சேஸில் பூட்டியிருக்கும் பிராக்கெட்டைக் கீழே இறக்க வேண்டும். பின் பாரத்துக்கு ஏற்ப பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில வண்டிகளில் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும். லிஃப்டுக்குப் பிறகு வண்டியில் பாரமே இல்லை என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியையும் சரிசெய்ய வேண்டும்.

ஷாக் அப்சார்பர் இரண்டாவது. பழைய ஷாக்கை அப்படியே விட்டால் பட்டை இறங்கத் தயாராக இருந்தும் ஷாக் பிடித்து நிறுத்திவிடும். சம்மட்டியால் அடித்து வாங்கிய ஓட்டம் வீணாகும். நீளமான ஷாக் வாங்கும்போது விரிந்த நீளத்தை மட்டும் பார்க்காமல் மடங்கிய நீளத்தையும் பாருங்கள். சக்கரம் முழுதாக மேலே ஏறும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் முதலில் முட்ட வேண்டும். ஷாக் முதலில் முட்டினால் அதன் மேல் முனை பிய்ந்துகொண்டு வரும். வெளிநாட்டுக் கிட்டுக்கு எனக்கு லட்ச ரூபாயை ஒட்டி விலை சொன்னார்கள். பட்டறையில் அடித்த பட்டை, ஆப்பு, ஹோஸ், நல்ல ஷாக் எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. அந்தச் செலவில் ஷாக்குக்குப் போனதே அதிகம். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்டின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்குழாய் உண்டு. லிஃப்டுக்குப் பிறகு அது வெளியே இழுபட்டு நிற்கும். இரண்டு இஞ்சுக்கு ஜிப்ஸியில் பெரும்பாலும் போதிய பிடிப்பு மிச்சமிருக்கும். ஆனாலும் சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

பூட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்றைப் பல பட்டறைகளில் விட்டுவிடுகிறார்கள். பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கான போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. அப்படி இறுக்கினால் தொங்கும் நிலையிலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் முறுக்கேறி நிற்கும், சீக்கிரம் கிழியும். கையால் முடுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் நாலு முறை உருட்டி, பாரம் உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கு. யூ போல்ட்டுகள் ஒரு முறை இறுக்கினால் நீண்டுவிடும். கழற்றியதைத் திரும்பப் போடாமல் புதிது வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை இறுக்கிவிடுங்கள். ஹெட்லைட்டையும் இறக்கி வைக்க மறக்கக் கூடாது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

டயருக்கு வருவோம். ஜிப்ஸி கிங்குக்கு வரும் அளவு 205/70 ஆர்15. அதன் விட்டம் 668 மில்லிமீட்டர். பொலேரோவுக்குப் போடும் 215/75 ஆர்15-இன் விட்டம் ஏறக்குறைய 704. வித்தியாசத்தில் பாதி, அதாவது 18 மில்லிமீட்டர், கிரவுன் உயரும். இரண்டு இஞ்ச் லிஃப்ட் தர முடியாததை இந்த டயர் தருகிறது. பொலேரோ ஓடாத ஊர் இல்லை என்பதால் இந்த டயர் எங்கும் கிடைக்கும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும், இழுவையும் கொஞ்சம் குறையும். தோட்டத்துப் பாதையில் நுழைந்ததும் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து கல்லைக் கவ்வும். அதற்குக் காசு வேண்டாம். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மறுபடி காற்று நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியில் இருக்கட்டும்.

ஜிப்ஸி இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023-ல் இங்கே வந்த ஜிம்னியில் இரண்டு ஆக்சிலும் ஜிப்ஸியைப் போலவே ஒற்றைத் தண்டுதான், ஆனால் சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்து உயர்த்தும் ஸ்பேசர் கிட்தான் இருப்பதில் மலிவு. அது உயரம் மட்டும் தரும், ஓட்டம் தராது. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் லேட்டரல் ராடு சாய்வாகிவிடுவதால் உயர்த்தியதும் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். நீளம் சரிசெய்யும் ராடு போட்டால்தான் நேராகும். 2010-ல் வந்த தாரில் முன்பக்கம் டார்ஷன் பார். ஒரு போல்ட்டைத் திருகினாலே மூக்கு உயரும். அதில் சக்கரம் கீழே இறங்கும் தூரம்தான் மேலே போன உயரமாக மாறுகிறது, புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. 2020-க்குப் பிந்தைய தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்குவதால் உயர்த்தும்போது சி.வி. ஜாயிண்ட் அதிகமாக மடங்கும். இந்த மூன்றிலும் இரண்டு இஞ்சைத் தாண்ட வேண்டாம் என்பதே என் யோசனை.

சட்டத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. தேய்ந்த பட்டையைத் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவது பராமரிப்பு. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நூலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்குப் போக வேண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வருவார். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு. ஆகவே வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி இல்லை என்றால் வண்டியைத் தொழிற்சாலை உயரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல ஷாக்கும் வளைவு திரும்பிய பட்டையும் மட்டுமே பெரும்பாலான தோட்டப் பாதைகளுக்குப் போதும்.

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் டயர், அடுத்து ஷாக், பிறகு பட்டை. இந்த மூன்றுக்கும் பிறகு உங்கள் பாதையை அதே வண்டியில் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். இன்னும் உயரம் வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாம். வேண்டாம் என்றுதான் பலர் சொல்வார்கள்.